மாவும் காணியும்

சில ஆண்டுகளுக்கு முன், காவிரிக் கடைமடைப் பகுதியின் சிற்றூர் ஒன்றில் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு நடந்த இரண்டு நாள் பயிற்சியில் பார்வையாளராக உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் காலை கணக்கு. பயிற்சியாளர் பலகையில் ஒரு வட்டம் போட்டு அதற்குள் 5 என்று எழுதினார். அதிலிருந்து இரண்டு கோடுகளை இறக்கி, கீழே இன்னும் இரண்டு வட்டங்கள் போட்டார். ஒன்றில் 4, மற்றொன்றில் 1. பக்கத்திலேயே இன்னொரு 5. அதன் கீழே 3, 2. எண்ணை வரிசையாக ஒப்பிக்கச் சொல்லித்தருவது பழைய முறை, எண்ணைப் பிரிக்கவும் சேர்க்கவும் சொல்லித்தருவதே புதிய முறை என்றார். வெளிநாடுகளில் இப்படித்தான் தொடங்குகிறார்கள் என்றும் சொன்னார்.

பின்வரிசையிலிருந்து ஓர் அம்மா கேட்டார்: "இது நாங்க ஆடுற அஞ்சாங்கல்லுதானே சார்?"

எல்லோரும் சிரித்தார்கள். பயிற்சியாளரும் சிரித்தார். "ஆமாம்மா, விளையாட்டாச் சொல்லிக் குடுங்க, பிள்ளைங்க பிடிச்சுக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். அவர் நல்ல மனிதர், கேலி செய்யவில்லை. ஆனால் அந்த அம்மா சொன்னது விளையாட்டைப் பற்றி அல்ல, கணக்கைப் பற்றி. அது அந்த அறையில் யாருக்கும் உறைக்கவில்லை, எனக்கும்தான். வீடு திரும்பும் பேருந்தில் விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தபோதுதான் விளங்கியது.

அஞ்சாங்கல் ஆடியவர்களுக்குத் தெரியும். மதுரைப் பக்கம் சொட்டாங்கல், வேறு ஊர்களில் கல்லாங்காய். ஒரு கல்லை மேலே எறிய வேண்டும், அது இறங்கி வருவதற்குள் தரையில் கிடக்கும் நான்கில் எடுக்க வேண்டியதை எடுத்து, வருவதையும் பிடிக்க வேண்டும். ஒன்றானில் நான்கையும் ஒவ்வொன்றாக எடுப்போம். இரண்டானில் இரண்டும் இரண்டும். மூன்றானில் மூன்றை ஒரே வாரில் அள்ளி, ஒன்றைத் தனியே எடுப்போம். நாலானில் நான்கும் ஒன்றாக. நான்கு என்ற எண்ணைச் சிறுமியின் கை நான்கு விதமாக உடைத்துச் சேர்த்துவிட்டது. ஏழாங்கல்லில் தரையில் ஆறு கல். அங்கே மூன்றான் என்றால் மூன்றும் மூன்றும். நாலான் என்றால் நான்கும் இரண்டும். ஐந்தான் என்றால் ஐந்தும் ஒன்றும். சொன்ன எண்ணிக்கையில் முடிந்தமட்டும் எடு, மிச்சத்தைக் கடைசியில் எடு என்பதே விதி. இதைப் பள்ளிக்கூடத்தில் வகுத்தல், மீதி என்று மூன்றாம் வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். ஆடுகிறவளோ கல்லைத் தரையில் உருட்டிவிடும்போதே எந்த மூன்று சேர்ந்து கிடக்கிறது, எந்த ஒன்று விலகிக் கிடக்கிறது என்று கண்ணால் பிரித்துவிடுகிறாள்.

இது ஏன் பெரிய விஷயம் என்று கேட்கலாம். மூன்று வயதுக் குழந்தை பத்துவரை பாட்டுப் போலச் சொல்லிவிடும். ஆனால் எட்டுக்குள் ஐந்தும் மூன்றும் இருக்கிறது, ஆறும் இரண்டும் இருக்கிறது என்பது பாட்டில் வராது. அது வராத குழந்தை எட்டோடு ஐந்தைக் கூட்ட ஒன்பது, பத்து, பதினொன்று என்று விரல்விட்டு நடந்தே போகவேண்டும். அது வந்த குழந்தை ஐந்தை இரண்டும் மூன்றுமாக உடைத்து, இரண்டை எட்டுக்குக் கொடுத்துப் பத்தாக்கி, மூன்றை மேலே வைத்துப் பதின்மூன்று என்கிறது. கடன் வாங்கிக் கழிப்பது, இனமாற்றிக் கூட்டுவது, பெருக்கலைப் பிரித்துச் செய்வது எல்லாம் இந்த ஒரு பழக்கத்தின் மேல்தான் நிற்கின்றன. கணக்கு வராது என்று எட்டாம் வகுப்பில் முத்திரை குத்தப்படும் பெண்களில் பலர் இந்த இடத்தில்தான் நழவவிடப்பட்டிருக்கிறார்கள் என்பதை வகுப்பறையில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

நம் ஊரில் கணக்குக் கல்வியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் திண்ணைப் பள்ளியிலிருந்து தொடங்குவார்கள். தொடங்க வேண்டியதுதான். ஓலையில் எஞ்சியிருப்பது அதுதான். பொன்னிலக்கம், நெல்லிலக்கம், எண்சுவடி, குழிமாத்து என்று சிறுவர்கள் மனப்பாடம் செய்த சுவடிகளையும் அவற்றின் சமூகத்தையும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலிருந்த செந்தில் பாபு விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அந்தக் கணக்கின் அழகு, எண்ணின் பெயருக்குள்ளேயே அதன் உடைசல் இருப்பது. ஒன்றை 320 முந்திரியாகப் பிரித்தார்கள். இரண்டு முந்திரி அரைக்காணி. இரண்டு அரைக்காணி ஒரு காணி, அதாவது 80இல் ஒன்று. நான்கு காணி ஒரு மா, 20இல் ஒன்று. மாவையும் காணியையும் சேர்த்தால் என்ன? மாகாணி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 20இல் ஒன்றும் 80இல் ஒன்றும் சேர்ந்தால் 80இல் ஐந்து, அதாவது 16இல் ஒன்று. சொல்லைச் சொன்னவுடன் கூட்டல் முடிந்துவிட்டது. நெல் அளவையிலும் இப்படித்தான். இரண்டு குறுணி ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி, மூன்று தூணி ஒரு கலம். ஐந்து குறுணியைத் தூணிக்குறுணி என்றும் ஆறைத் தூணிப்பதக்கு என்றும் கல்வெட்டுகள் சொல்கின்றன. நான்கும் ஒன்றும் ஐந்து, நான்கும் இரண்டும் ஆறு. பயிற்சியாளர் பலகையில் வரைந்த வட்டங்கள், சொற்களாக.

அந்தத் திண்ணையில் யார் உட்கார்ந்திருந்தார்கள்? 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாவட்டந்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826 மார்ச்சில் அவர் தொகுத்த குறிப்பின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். இந்த எண்ணையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆண்கள் 1,84,110. பெண்கள் 4,540. நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. இந்த அறிக்கைகளைக் கொண்டு, ஆங்கிலேயர் வருமுன் நம்மிடம் எல்லோருக்கும் கல்வி இருந்தது என்று மார்தட்டுபவர்கள் இரண்டாவது எண்ணை வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். வந்திருந்த சிறுமிகளும் பெரும்பாலும் ஆடல் மகளிர் குலத்தவர் என்று கலெக்டர்கள் எழுதினார்கள். மலபாரில் மட்டும் முஸ்லிம் சிறுமிகள் கணிசமாக இருந்தார்கள். சாதியால் ஒதுக்கப்பட்ட தெருவின் பிள்ளைகளுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், அந்தத் திண்ணையில் இடமில்லை. திண்ணை என்பது வீட்டின் தெருப்பக்கம், ஆண்கள் உட்காரும் இடம் என்பதையும் மறந்துவிடக்கூடாது. பாடம் நடந்த சுவருக்கு மறுபுறம்தான் வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். மாகாணி வாய்பாட்டைக் கோரஸாகக் கத்தும் சத்தம் அடுப்படிவரை கேட்டிருக்கும்.

அந்த 4,540 பேரில் இருந்த ஆடல் மகளிர் குலத்துச் சிறுமிகள் திண்ணையில் கற்றது ஒரு கணக்கு என்றால், நட்டுவனாரின் கோலுக்கு முன்னால் கற்றது இன்னொரு கணக்கு. தகதகிட: இரண்டும் மூன்றும் ஐந்து, அது கண்டம். தகிட தகதிமி: மூன்றும் நான்கும் ஏழு, அது மிஸ்ரம். தகதிமி தகதகிட: நான்கும் ஐந்தும் ஒன்பது, அது சங்கீர்ணம். ஏழைக் காலால் உடைத்து, வேறு விதமாகச் சேர்த்து, தாளத்தின் தொடக்கத்தில் சரியாக வந்து நிற்கவேண்டும். ஒரு மாத்திரை பிசகினால் ஊர் பார்க்கும். ஆறேழு வயதில் இதைச் செய்த சிறுமியைக் கணக்குத் தெரிந்தவள் என்று எந்த கலெக்டரும் எழுதவில்லை, எந்தப் புலவரும் எழுதவில்லை.

சுவருக்கு மறுபுறம் இருந்தவர்கள் என்ன செய்தார்கள்? பல்லாங்குழி ஆடினார்கள். என் அப்பாயியின் பலகையில் பக்கத்துக்கு ஏழாகப் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து புளியங்கொட்டை. மொத்தம் 70, ஆளுக்கு 35. ஒரு குழியை அள்ளி அடுத்தடுத்த குழியில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும். மூன்றாவது குழியில் ஒன்பது கொட்டை இருந்தால், நான்கு என் பக்கத்திலேயே விழும், ஐந்து எதிராளிக்குப் போகும். அதைப் போடுவதற்கு முன்பே பார்க்கத் தெரிய வேண்டும். ஒரு குழியில் நான்கு சேர்ந்தால் அது பசு, குழிக்காரி எடுத்துக்கொள்வாள். ஆட்டம் முடிந்ததும்தான் சுவையான பகுதி. எனக்கு 27, அப்பாயிக்கு 43. மீண்டும் குழிக்கு ஐந்தாக நிரப்பு என்பாள். 27ஐ ஐந்து ஐந்தாக அடுக்கினால் ஐந்து குழி நிறையும், இரண்டு மிஞ்சும், இரண்டு குழி காலி. அவளுக்கு ஏழு குழியும் நிறைந்து எட்டு கையிருப்பு. தோற்றவளுக்குக் கணக்கு நன்றாக மனதில் நிற்கும். தாயக்கட்டையும் அப்படித்தான். கட்டையின் நான்கு பக்கத்தில் ஒன்று வெறுமை, மற்றவை ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டு கட்டை உருட்டினால் நான்கு விழ இரண்டு வழி: மூன்றும் ஒன்றும், அல்லது இரண்டும் இரண்டும். ஆறுக்கு ஒரே வழி. இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு! சூனியத்துக்கு அவ்வளவு மரியாதை தந்த விளையாட்டை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை எனக்கே தேவைப்படுகிறது. பெண்களிடம் ரகசியமான தனிக் கணிதம் ஒன்று இருந்தது, அதை ஆண்கள் திருடிவிட்டார்கள் என்று சொன்னால் கைதட்டு கிடைக்கும், உண்மை கிடைக்காது. பல்லாங்குழியை அப்பாயி ஆடியது பெரும்பாலும் வீட்டைவிட்டு நகரமுடியாத நாட்களில். பெரியவளான பெண்ணை மூலையில் உட்காரவைத்த நாட்களில், மாதந்தோறும் தள்ளிவைத்த நாட்களில். அந்தக் கணக்கு சிறையில் கற்ற கணக்கு. அது எழுத்தாகவில்லை. எழுத்தாகாததால் அடுத்த கணக்குக்குப் போகவும் இல்லை. அப்பாயியால் 70ஐ நொடியில் பிரிக்க முடிந்தது. நிலப் பத்திரத்தில் இருந்த எண்ணை வாசிக்க முடியவில்லை. பத்திரம் அண்ணன் தம்பிகளிடம் போனது.

வயலில் இறங்கிய பெண்களுக்கு இந்தக் கணக்கு பொழுதுபோக்காக இருக்கவில்லை. நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லமாட்டார்கள், 'லாபம்' என்பார்கள். லாபம், இரண்டு, மூன்று. யாருக்கு லாபம் என்பது மரக்காலைப் பொறுத்தது. மிராசுதாரின் களஞ்சியத்துக்குப் போகும் நெல்லைக் கும்பாரமாக அளந்து, கூலியைத் தலைதட்டி அளப்பார்கள். கூலிக்கென்றே சிறிய மரக்கால் வைத்திருந்த பண்ணைகளும் உண்டு. கீழத்தஞ்சையில் 1940களில் செங்கொடிச் சங்கம் எழுப்பிய கோரிக்கைகளில், முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒன்று. அந்தக் கோரிக்கைக்குப் பின்னால் இருந்த கணக்கை யார் போட்டிருப்பார்கள்? கூலி நெல்லை வீட்டுக்கு எடுத்துவந்து, குத்திப் புடைத்து, உழக்காலும் ஆழாக்காலும் திரும்ப அளந்து, இன்று எத்தனை பேருக்கு, நாளைக்கு எவ்வளவு என்று பிரித்தவர்கள் பெண்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு நாழி. பண்ணையில் நாழி என்று அளந்தது வீட்டில் மூன்று உழக்குத்தான் வருகிறது என்று முதலில் கண்டுபிடித்திருக்கக்கூடியவள் அடுப்பின் முன் நின்றவள்தான்.

கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட போராட்டம் என்றே கீழ்வெண்மணி மக்கள் நினைவில் நிற்கிறது. 1968 டிசம்பர் 25 இரவு ஒரே குடிசைக்குள் எரிக்கப்பட்ட தலித் மக்கள் 44 பேர் என்று பாடப்புத்தக வாக்கியம் போலச் சொல்லிவிடுகிறோம். முதியவர்கள் 5, பெண்கள் 16, குழந்தைகள் 23. எண்ணைப் பிரித்துச் சொல்லக் கற்றுக்கொடுப்பது ஆரம்பப் பள்ளி வேலை என்று நினைப்பவர்கள் இந்த எண்ணையும் ஒருமுறை பிரித்துச் சொல்லிப் பார்க்கலாம்.

பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்த கதையை இங்கே விரிக்கப் போவதில்லை. வந்தபோது அவர்களுக்கென்று தையலும் இல்லப் பொருளியலும் காத்திருந்தன, கணக்குச் சுருங்கியது. அவர்களுக்குப் பாடம் எடுக்கப் பெண்கள் தேவைப்பட்டார்கள். 1911இல் பட்டம் பெற்ற சகோதரி சுப்பலட்சுமி, பால்ய விதவைகளுக்கு ஐஸ் ஹவுஸில் விடுதி நடத்தி அவர்களை ஆசிரியைகளாக்கினார். அந்த விடுதி பிராமணப் பெண்களுக்கானதாக இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். தலை மழிக்கப்பட்டு மூலையில் கிடந்திருக்க வேண்டிய பெண் சாக்கட்டியோடு கரும்பலகை முன் நின்றது சாதாரணம் இல்லை. ஆனால் அதோடு இன்னொன்றும் நிலைபெற்றது: சிறு குழந்தைக்குச் சொல்லித்தருவது தாய்மையின் நீட்சி, அதற்குப் பொறுமை போதும், அறிவு அவசியமில்லை என்ற எண்ணம். குழந்தை சிறியதாக இருந்தால் அதற்கான கணக்கும் சிறியது என்று எப்படியோ ஆகிவிட்டது.

இந்த எண்ணத்தை மறுத்துக் காட்டிய ஒருவர் சென்னைக்கே வந்திருந்தார். மரியா மாண்டிசோரி 1870இல் இத்தாலியில் பிறந்தவர். பொறியாளராக வேண்டும் என்று ஆண்பிள்ளைகளுக்கான தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தவர், பிறகு மனம் மாறி 1896இல் ரோமில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனவளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளோடு வேலை செய்து, 1907இல் சான் லொரென்சோ என்ற தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939 நவம்பரில், பிரம்மஞான சபையின் ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைக்க, அடையாறு வந்து பயிற்சி வகுப்பு நடத்தினார். மறு ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவராகிவிட்டார். மகன் மாரியோவைச் சில மாதம் சிறைமுகாமில் வைத்தார்கள். கொடைக்கானலிலும் அடையாற்றிலுமாகப் போர்க்காலம் முழுவதும் இங்கேயே கழிந்தது. மணமாகாமல் பெற்ற மகனை நெடுங்காலம் தன் மகன் என்று உலகறியச் சொல்ல முடியாமல் இருந்தவர், குழந்தைகளைப் பற்றி உலகுக்கே சொல்லித்தந்தவர்.

அவருடைய கணக்குப் பொருட்களில் எனக்குப் பிடித்தவை எண் கோல்கள். பத்துக் கோல்கள், மிகச் சிறியது பத்து சென்டிமீட்டர், மிகப் பெரியது ஒரு மீட்டர், சிவப்பும் நீலமும் மாறி மாறி. குழந்தை ஒன்பதின் நுனியில் ஒன்றை வைத்துப் பத்துக்குச் சமமாக்கும். எட்டின் நுனியில் இரண்டு, ஏழின் நுனியில் மூன்று, ஆறின் நுனியில் நான்கு. கடைசியில் ஐந்து துணையில்லாமல் நிற்கும். அதைப் புரட்டிப்போட்டால் இரண்டு ஐந்து பத்து. பொறியியல் படிக்க ஆசைப்பட்ட பெண்ணின் மூளை இதில் தெரிகிறது. எதைச் சொல்லாமல் விட்டால் குழந்தை தானே கண்டுபிடிக்கும் என்று யோசித்த மூளை. பொறுமை என்ற சொல் இதற்குப் போதாது.

அடையாற்றில் அந்த வகுப்பு நடந்த காலத்தை நினைக்கும்போது எனக்கு ஒரு நெருடல் உண்டு. 1936இல் அங்கேதான் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியிருந்தார். தகதகிட அங்கே மரியாதைக்குரிய குடும்பத்துப் பெண்களின் கல்வியாகிக்கொண்டிருந்தது. அதைத் தலைமுறை தலைமுறையாகக் காலில் வைத்திருந்த குலத்துப் பெண்களோ மேடையைவிட்டு விலகிக்கொண்டிருந்தார்கள். 1947இல் பொட்டுக்கட்டுதல் சட்டப்படி ஒழிந்தது, ஒழிய வேண்டியதுதான். அந்த ஒழிப்புக்குப் பாடுபட்டவர்களும் பெண்களே. ஆனால் ஏழை மூன்றும் நான்குமாக உடைக்கத் தெரிந்த அந்தப் பெண்களை யாரும் ஆசிரியப் பயிற்சிக்கு அழைக்கவில்லை. இத்தாலியிலிருந்து வந்த கோல்களுக்குக் கிடைத்த அறிவியல் என்ற பெயர் நட்டுவாங்கத்துக்கோ கல்லுக்கோ குழிக்கோ கிடைக்கவில்லை. மாண்டிசோரி மீது குறையில்லை. அவர் தன் கையில் இருந்ததைக் கொடுத்தார்.

வகுப்பறையில் நான் கண்ட ஒரு தவறோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறேன். இருபத்து மூன்று எழுது என்றால் இரண்டாம் வகுப்புப் பிள்ளை 203 என்று எழுதும். நான் பல வருடம் அதைச் சிவப்பு மையால் சுழித்திருக்கிறேன். பழைய தமிழ் எண்ணில் 23ஐ எப்படி எழுதினார்கள் தெரியுமா? ௨௰௩. இரண்டு, பத்து, மூன்று. பத்துக்கு, நூறுக்கு, ஆயிரத்துக்குத் தனித்தனிக் குறி. சொல்வதை அப்படியே எழுதலாம். இருபது வேறு, மூன்று வேறு என்று பிரித்துக் கேட்ட குழந்தை, கேட்டபடி 20ஐ எழுதி 3ஐ எழுதியிருக்கிறது. பிரிக்கத் தெரிந்திருக்கிறது, இடமதிப்பில் சேர்க்கத்தான் இன்னும் தெரியவில்லை. 20 என்ற அட்டையின் சுழியத்தின் மேல் 3 அட்டையை வைத்து மூடிக் காட்டினால் ஒரே நிமிடத்தில் புரிந்துகொள்ளும். இந்த அட்டையும் மாண்டிசோரி வழியில் வந்ததுதான். ஆனால் தொண்ணூறில் எல்லாக் குழந்தையும் தடுக்கும், அட்டை இருந்தாலும் தடுக்கும். நூறு என்ற சொல் உள்ளே ஒலிக்க, எண் மட்டும் நூறுக்குக் கீழே இருந்தால் பாவம் அது என்ன செய்யும்!

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் தொடங்கிய செயல்வழிக் கற்றல், 2022இல் வந்த எண்ணும் எழுத்தும் என்று நம் அரசுப் பள்ளிகளில் மணியும் அட்டையும் புழங்கத்தான் செய்கின்றன. பள்ளிக்கு முந்தைய வயதில் இதைத் தொடங்கிவைப்பவர்கள் அங்கன்வாடிப் பெண்கள். 1975 அக்டோபர் 2இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது அவர்களுக்குத் தரப்பட்டது சம்பளம் இல்லை, மதிப்பூதியம். தொண்டு செய்கிறவர்களுக்கு எதற்குச் சம்பளம்? அப்படிப்பட்ட ஒரு வழக்கு குஜராத்திலிருந்து உச்ச நீதிமன்றம்வரை போய், 2022 ஏப்ரலில்தான் அவர்களுக்குப் பணிக்கொடைச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பானது. தாங்கள் செய்வது வேலை என்று நிறுவ 47 ஆண்டு. ஆசிரியர் என்ற பெயர் அதிலும் வரவில்லை.

பயிற்சியின் தேநீர் இடைவேளையில் அந்த அம்மாவைத் தேடிப் போனேன். எதிர்வீட்டுக் கட்டட வேலைக்குக் கொட்டியிருந்த ஜல்லிக் குவியல் பக்கம் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். உங்கள் மையத்தில் பிள்ளைகளுக்கு அஞ்சாங்கல் சொல்லித்தருவீர்களா என்று கேட்டேன்.

"கல்லு குடுத்தா வாயில போட்டுக்கும்மா. புளியங்கொட்டையும் மூக்குல ஏத்திக்கும். நான் முறுக்குல சொல்லிக் குடுப்பேன். ஆளுக்கு அஞ்சு. தம்பிக்கு ரெண்டு குடு, உனக்கு எத்தினி இருக்குன்னு கேப்பேன். மூணுன்னு டக்குனு சொல்லிரும். அஞ்சையும் தம்பிக்கே குடுத்துட்டு ஒண்ணுமில்லன்னு கைய விரிக்கிற பிள்ளையும் இருக்கு."

"இதைப் பதிவேட்டில் எழுதுவீர்களா?"

"எதுல எழுதுறது? எடை எழுதணும், உயரம் எழுதணும், எத்தினி பேரு சாப்டாங்கன்னு போன்ல ஏத்தணும். முறுக்கு என் காசு." சிரித்தார். டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போனார். பலகையில் அடுத்த வட்டத்தில் 10 என்று எழுதியிருந்தது.